கை நனைத்த வீடு

ஒரு மனிதனின் உள்ளத்தை அறிய அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அவன் வீட்டுச் சுவரைப் பார்த்தால் போதும். சுவரே ஆன்மாவின் மேனி, வண்ணமே அதன் மொழி. சுவரை மாற்றத் துணிந்தவன் தன் விதியையே மாற்றி எழுதுகிறான்.

இந்தப் பேருண்மை அரவிந்தனுக்குத் திருப்போரூர் போகும் ஷேர் ஆட்டோவில் சித்தித்தது. ஒரு மீன் கூடைக்கும் ஒரு பருமனான ஆசிரியருக்கும் நடுவே அரைத் தொடையை மட்டும் சீட்டில் வைத்துக்கொண்டு அவன் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். வீடியோவில் பேசியவருக்குத் தாடி இருந்தது. அவர் பின்னால் ஒரு தொட்டிச் செடி இருந்தது. தாடியும் செடியும் சேர்ந்திருக்கிற இடத்தில் பொய் இருக்காது என்பது அரவிந்தனின் நம்பிக்கை. "குறைந்த செலவில் உங்கள் வீட்டுக்கு மறுபிறவி" என்றார் அவர். ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியது. கூடைத் தண்ணீர் பேண்ட்டில் சிந்தியது. மறுபிறவி எடுக்கப்போகிறவன் இதையெல்லாம் பார்ப்பானா? பார்க்கவில்லை.

நெம்மேலிக்குத் தெற்கே கடலை ஒட்டிய குப்பத்தில் அவன் வீடு. வேலை சிறுசேரியில். எங்கோ அயல்நாட்டில் பல் பிடுங்கிக்கொண்டவர்களின் இன்சூரன்ஸ் விவரங்களைத் திரையில் கட்டம் கட்டமாக நிரப்புவதுதான் தொழில். குப்பத்தில் அவனை 'சாப்ட்வேர்' என்று கூப்பிட்டார்கள். அவன் ஒருநாளும் மறுத்ததில்லை.

அதே ஆபீசில் எதிர் வரிசையில் உட்கார்ந்து, பல் கட்டியவர்களின் விவரங்களை நிரப்பிக்கொண்டிருந்தவள் தமிழ்ச்செல்வி. கூடுவாஞ்சேரிக்காரி. பிடுங்கிய பல்லும் கட்டிய பல்லும் சேர்ந்தது எப்படி என்பது தனிக் கதை, சேர்ந்துவிட்டது. இப்போது அவள் அப்பா தனகோடியின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி.

தனகோடி ஒரு காலத்தில் நிலம் வைத்திருந்தார். நிலம் பிளாட்டுகளாகிவிட்டது. இப்போது ஐ.டி. கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறார். ஓட்டுகிறார் என்றால் வேறு ஆட்களை வைத்து. கடலோரத்துப் பையன் என்றதும் அவர் எந்த மறுப்பும் சொல்லவில்லை. "காத்து உப்பா இருக்குமே" என்று மட்டும் சொன்னார். அதை ஒரு மாதம் சொன்னார். அப்புறம் மகள் சாப்பிடாமல் கிடந்ததில் இளகி, அரவிந்தனை போனில் கூப்பிட்டுத் தன் கொள்கையை அறிவித்தார்.

"பாரு தம்பி, பொண்ணு குடுக்கறது ஆளுக்கு இல்ல, வூட்டுக்கு. ஆளு இன்னிக்கு சிறுசேரில இருப்பான், நாளிக்கு பெங்களூர்ல இருப்பான். வூடு எங்க போவும்? அது இருக்கற எடத்துலதான் இருக்கும். ஞாயித்துக்கெயம வந்து வூட்ட பாக்கறோம். புடிச்சிருந்தா கை நனைப்போம். புடிக்கலன்னு வெச்சிக்க, ஒரு டீ கூட வாணாம். மனஸ்தாபம் இல்லாம போயிகினே இருப்போம்."

கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்; அதற்குப் பிறகு பின்வாங்கினால் ஊர் சிரிக்கும். ஆகவே அரவிந்தனின் வாழ்க்கை முழுவதும், தனகோடியின் வலது கை ஞாயிற்றுக்கிழமை சோற்றுத் தட்டுக்குள் இறங்குமா இறங்காதா என்பதில் வந்து நின்றது.

அந்தக் கை இறங்குகிற மாதிரியா இருந்தது வீடு?

சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் அது ஒன்று. கடலைப் பார்த்து முன் வரிசை, ரோட்டைப் பார்த்துப் பின் வரிசை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த இட்லி: ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுப்படி, அதே ஜன்னல், அதே கதவு. கட்டிக் கொடுத்தவர்கள் கதவில் எழுதிப் போன நம்பர், முதல் பெயிண்டிலேயே மறைந்துவிட்டது. அதன் பிறகு குப்பத்தில் கலர்தான் விலாசம். மாயவன் என்ற பெயரில் மட்டும் நான்கு பேர் இருந்தார்கள்: ரோஸ் வீட்டு மாயவன், ஊதா வீட்டு மாயவன், பெயிண்டே அடிக்காத மாயவன். அரவிந்தனின் அப்பா பச்சை வீட்டு மாயவன். மீன் பிடிக்கப் போகும் போட்டுக்குப் பெயிண்ட் அடித்தது போக மிச்சமிருக்கும் கிளிப்பச்சை, வருஷா வருஷம் வீட்டுச் சுவருக்கு வந்துவிடும். கேஸ் சிலிண்டர்காரர், தபால்காரர், கோயில் வசூல்காரர் எல்லோருக்கும் அவர் பச்சை வீடுதான்.

அரவிந்தனுக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் யாருக்கும் வாயால் வழி சொன்னவனில்லை. லொகேஷன் அனுப்புகிறவன்.

"இந்த பச்ச நம்ம ஸ்டேட்டசுக்கு ஒத்து வராது நைனா" என்றான் அப்பாவிடம்.

"போட்டுக்கு ஒத்து வருதே."

"போட்டு வேற, வூடு வேற."

"ரெண்டுலயும் ஒயுகுது" என்றார் மாயவன்.

திருப்போரூர் பெயிண்ட் கடையில் சாம் என்பவர் கலர் கலக்குகிற மெஷின் முன்னால் நின்றார். அரவிந்தன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். கலரின் பெயர் 'மிஸ்டி ஷோர்.'

"உள்ளயா, வெளியவா?" என்றார் சாம்.

"ரெண்டுக்கும் ஒண்ணே. அதான் கான்செப்ட்."

"இப்ப செவுத்துல இன்னா கீது?"

"போட் பெயிண்ட்."

"அப்ப தேய்ச்சிட்டு ப்ரைமர் அடிக்கணும். அடிக்காட்டியும் நல்லாத்தான் இருக்கும். அடிச்சா அத விட நல்லா இருக்கும். ஆனா அடிக்காதவங்க எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க."

இதில் எது பரிந்துரை, எது எச்சரிக்கை என்று அரவிந்தனுக்குப் பிடிபடவில்லை. தாடிக்காரரை நினைத்தான். குறைந்த செலவு என்றார் அல்லவா? ப்ரைமரை விட்டுவிட்டான். மெஷின் கடகடவென்று ஆடி ஒரு டப்பாவை வெளியே தள்ளியது. மூடியைத் திறந்து பார்த்தால் ரோஸாக இருந்தது.

"இது ரோஸா கீதே?"

"காய்ஞ்சா மாறும் சார்."

காய்ந்து மாறியது. அங்கேதான் குழப்பம் தொடங்கியது. காலையில் அடித்த சுவர் மத்தியானம் சிமெண்ட் மாதிரி இருந்தது. சாயங்காலம் வெயில் இறங்கியதும் லேசாக ஊதா. ட்யூப்லைட்டில் என்னவென்றே சொல்ல முடியவில்லை. போன் படத்தைச் சுவரோடு வைத்துப் பார்த்தான். போன் வெளிச்சத்தைக் கூட்டினால் கொஞ்சம் ஒத்துப்போனது, குறைத்தால் போகவில்லை. சுவர் தப்பா, போன் தப்பா, தன் கண்தான் தப்பா என்று தெரியாமல் சுவரில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றான்.

அம்மா சம்பூர்ணம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இது பேரு இன்னாடா சொன்ன?"

"மிஸ்டி ஷோர். பனி மூடின கடக்கர."

"நம்ம கடக்கரைல எப்படா பனி மூடிச்சி?"

"இது ஒரு பீலிங்மா."

"சாம்பலுன்னா சாம்பலுன்னு சொல்லு. கேக்கறவங்களுக்கு நானு இன்னான்னு சொல்றது?"

மாயவன் வலையைத் தோளில் போட்டபடி உள்ளே வந்தார். சுவரை ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தார், மறுபக்கம் சாய்ந்து பார்த்தார். "வாள மீனு வயிறு மாரி கீது" என்றார்.

அரவிந்தன் மகிழ்ந்தான். "அதான் நைனா! சில்வர் டோன்!"

"பிடிச்ச அன்னிக்கு இல்ல. மூணு நாளு கயிச்சி."

இரண்டாவது கை அடித்தபோது முதல் கை அடித்தது ஜன்னலோரம் தோல் உரிய ஆரம்பித்தது. வழவழவென்ற போட் பெயிண்ட்மீது புதுப் பெயிண்ட் பிடிக்காமல், வெயிலில் கறுத்தவன் முதுகு மாதிரி சுருள் சுருளாகக் கழன்றது. கழன்ற இடத்திலெல்லாம் பழைய பச்சை எட்டிப் பார்த்தது. அவன் பதறி தாடிக்காரரின் வேறு வீடியோக்களைத் தேடினான். 'குறைகளை மறைக்க அலங்காரம்' என்று ஒன்று கிடைத்தது. அதில் ஒருவர் சுவரில் மீன் வலை மாட்டி, கண்ணாடிக் குடுவைகளைத் தொங்கவிட்டிருந்தார். 'கோஸ்டல் தீம்' என்று பெயர். அரவிந்தனுக்கு உடம்பு சிலிர்த்தது. வலைக்குத் தன் வீட்டில் பஞ்சமா?

சனிக்கிழமை மாயவன் வந்து பார்த்தபோது அவருடைய வலை கூடத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கியது. இடையிடையே மிதவைகள். ஐஸ் பெட்டி வரும் மரச் சட்டங்களைப் பிரித்து அரவிந்தன் ஒரு சோபா வேறு செய்திருந்தான். உட்கார்ந்தால் ஒரு பக்கம் இறங்கும்; அதனால் இருவராக உட்கார வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில்.

"டேய், இது நல்ல வலடா."

"நல்ல வலதான் நைனா வேணும். கெஸ்ட் வராங்க."

"கடலு தோ, வாசல்லயே கீது. கதவ தொறந்தா காலுல படும். அத எதுக்கு செவுத்துல மாட்டிகினு கீற?"

"அது கடலு. இது தீம்."

மாயவனுக்கு இந்த வித்தியாசம் விளங்கவில்லை. அரவிந்தனுக்கும் முழுசாக விளங்கியிருந்ததா என்பது சந்தேகம்தான். அப்பா போய் சோபாவில் உட்கார்ந்தார். அது ஒரு பக்கம் இறங்கியது. அவர் எழுந்து தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரத்தில்தான் ஆராயி வந்தாள். மாயவனின் அக்கா, பின் வரிசையில் ரோட்டைப் பார்த்த வீடு. கேளம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அவள் வீடு கட்டிக் கொடுத்த நாளிலிருந்து பெயிண்டைப் பார்த்ததில்லை. வாசலில் கிடந்த பச்சை டப்பாவைக் காலால் உருட்டிப் பார்த்தாள். உள்ளே பாதிக்கு மேல் இருந்தது.

"இது வாணுமாடா சாப்ட்வேரு?"

"எடுத்துக்கினு போ அத்த. அந்த கலரே இனிமே இந்த வூட்ல இருக்கக் கூடாது."

"எனுக்கு ஒண்ணும் தீம் எல்லாம் வாணாம்பா. முன்னாடி செவுரு மட்டும் அடிச்சிகினா போதும்."

அவள் டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். சாயங்காலத்துக்குள் அடித்தும் முடித்தாள். அரவிந்தன் அதைப் பார்க்கவில்லை. உரிந்த இடங்களைத் தொட்டுத் தொட்டு மூடிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. சம்பூர்ணம் கொடுவா மீன் குழம்பு வைத்து, மாயவனுக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டாள். பெயிண்ட் வாசனை போகட்டும் என்று கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து போட்டிருந்தது. அரவிந்தன் முந்தின நாளே தமிழ்ச்செல்வி மூலம் அவள் அப்பாவுக்கு லொகேஷன் அனுப்பியிருந்தான். பெண் வருவது வழக்கமில்லை என்பதால் அவள் கூடுவாஞ்சேரியிலேயே இருந்தாள். தனகோடியும் அவர் மனைவி சரோஜாவும் மட்டும் வருவதாக ஏற்பாடு.

அவர்கள் வரவேண்டிய நேரம் வந்தது. நேரம் மட்டும் வந்தது. அரவிந்தன் வாசலில் நின்று கடலோரப் பாதையைப் பார்த்தான். ஒரு நாய் வந்தது. ஒரு வண்டி ஐஸ் வந்தது. சம்பூர்ணம் குழம்பை மறுபடி சுட வைத்தாள்.

"மனசு மாறிட்டாங்களோ இன்னாவோ" என்றாள்.

"வருவாங்கம்மா. ட்ராபிக்."

"ஞாயித்துக்கெயம இன்னாடா ட்ராபிக்?"

அப்போது போன் அடித்தது. தமிழ்ச்செல்வி. எடுத்ததும் சந்தோஷத்தில் மூச்சு வாங்கினாள். "அரவிந்த்! கை நனச்சிட்டாரு! அப்பா கை நனச்சிட்டாரு! அம்மா இப்பதான் போன் பண்ணாங்க!"

அரவிந்தன் திரும்பிக் கூடத்தைப் பார்த்தான். அம்மா நின்றாள். அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். வலை இருந்தது. மாமனார் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அறைக் கதவின் பின்னாலும் பார்த்தான்.

"எங்க நனச்சாரு?"

"உங்க வூட்லதான். சாப்ட்டுகினு கீறாரு. ரெண்டாவது வாட்டி சோறு வாங்கிகினாராம். நீ எங்க போய்ட்ட? பையன காணோமேன்னு அம்மா கேக்கறாங்க."

"நான் எங்க வூட்லதான் கீறேன்."

"அப்ப அப்பாவ கூப்டு."

"உங்கப்பா இங்க இல்லயே."

"வெளயாடாத அரவிந்த். எங்கப்பா உங்க வூட்ல கீறாரு."

"நான்தான் எங்க வூட்ல கீறேன்."

"அப்ப நீ எந்த வூட்ல கீற?"

இந்தக் கேள்விக்கு அரவிந்தனிடம் பதில் இருந்தது. ஐந்து நிமிஷம் முன்புவரை சந்தேகமில்லாத பதில். வெளியே ஓடிப்போய்த் தன் வீட்டை நிமிர்ந்து பார்த்தான். தன் வீடுதான்.

"வூடு ரொம்ப புடிச்சிருச்சாம்" என்றாள் தமிழ்ச்செல்வி. "அந்த பச்ச கலரு கண்ணுக்கு குளிர்ச்சியா கீதுன்னாராம். நீ இன்னாவோ சாம்பல் கலர்னு சொன்ன?"

பச்சையா? அவ்வளவுதூரமா உரிந்துவிட்டது? அவன் சுவரைத் தொட்டுப் பார்த்தான். ஒரு சுருள் கையோடு வந்தது. மற்றபடி சாம்பல்தான்.

"அப்பால உங்கம்மா சிரிச்சி சிரிச்சி பேசறாங்களாம். மீனு விக்கற கதயெல்லாம் சொன்னாங்களாம்."

அரவிந்தன் அம்மாவைப் பார்த்தான். அவள் கரண்டியோடு முறைத்துக்கொண்டு நின்றாள். வாழ்நாளில் ஒரு மீன்கூட விற்றவளில்லை.

"யாருடா பச்ச வூட்ல..." என்று ஆரம்பித்த சம்பூர்ணம், கரண்டியை அப்படியே நிறுத்தினாள். "அய்யோ, உங்க அத்த!"

நடந்தது இதுதான். லொகேஷன் தனகோடியின் வேனை நெம்மேலியில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையின் கேட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கிருந்து திரும்பி, குப்பத்து முனையில் டீக்கடையில் கேட்டார் தனகோடி. "மாயவன் வூடு எது?" "எந்த மாயவன்?" "பையன் சிறுசேரில வேல பாக்கறானே." "சாப்ட்வேரா? பச்ச வூட்டு மாயவன். இப்டியே போங்க, பச்ச வூடு வந்தா நில்லுங்க." பச்சை வீடு வந்தது. அவர்கள் நின்றார்கள். தம்பி வீட்டில் பெயிண்ட் நாற்றம் என்பதால் சம்பந்தக்காரர்களை இங்கே அனுப்பிவிட்டான் போல என்று ஆராயி நினைத்தாள். சொல்லாமல் அனுப்பிவிட்டானே என்று கோபப்பட அவளுக்கு நேரமில்லை. விற்காமல் தனக்கென்று எடுத்துவைத்திருந்த வஞ்சிரத்தைச் சட்டியில் போட்டாள்.

அரவிந்தனும் அப்பா அம்மாவும் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது தனகோடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூன்றாவது துண்டு வஞ்சிரத்தில் இருந்தார். சரோஜா பக்கத்தில் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டு, எதிரே இருந்த ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பேசுகிற பழக்கம் அவருக்குக் குறைவு.

"வாங்க சம்பந்தி, வாங்க!" என்று வாயில் மீனோடு எழுந்தார் தனகோடி. "எங்க போய்ட்டீங்க எல்லாரும்? உங்க அக்கா வுடவே இல்ல. வாசன வேற இஸ்துச்சி. சரி, நல்ல வூடு, நல்ல மனுஷங்க, கைய வெச்சிட்டேன்."

மாயவன் மகனைப் பார்த்தார். மகன் சுவரைப் பார்த்தான். ஒரு காலண்டர். ஒரு சாமி படம். வேறெதுவும் இல்லை.

அரவிந்தன் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். "மாமா, இது..."

"வூடுன்னா இப்டி இருக்கணும்" என்றார் தனகோடி. "பாரு, எவ்ளோ நீட்டா கீது. எங்க தெருவுல ஒர்த்தன் வீடியோவ பாத்து சாம்பல் கலர் அடிச்சி வெச்சிகீறான். போஸ்ட்மார்ட்டம் ரூம் மாரி கீது. அத வுட, ஒடஞ்ச சாமான எல்லாம் செவுத்துல மாட்டிகினு, டிசைனாம். அவனுக்கெல்லாம் நான் பொண்ணு குடுப்பனா?"

"மாட்டீங்க" என்றான் அரவிந்தன்.

"இன்னா சொல்ல வந்த?"

"இது... வஞ்சிரம் நல்லா இருந்திச்சான்னு கேக்க வந்தேன்."

"எல்லாரும் ஒண்ணா இங்கதான் கீறீங்களா?" என்று தனகோடி மாயவனைக் கேட்டார்.

தம்பியை முந்திக்கொண்டு ஆராயி சொன்னாள்: "எந்தம்பி வூடு இன்னா, எவ்வூடு இன்னா? எல்லாம் ஒண்ணுதான் அண்ணாத்த." அவளைப் பொறுத்தவரை அது சத்தியமான வார்த்தை. தனகோடியும் அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டார்.

சம்பூர்ணம் மட்டும் மகன் காதில் முணுமுணுத்தாள். "அப்ப என் கொயம்ப யாருடா துன்றது?"

சாப்பாடு முடிந்தது. ஆவணியில் முகூர்த்தம் பார்க்கலாம் என்றார் தனகோடி. அரவிந்தனுக்குத் தலை சுற்றியது. ஜெயித்தது தானா, அத்தையா? பார்த்தது யார் வீட்டை, பிடித்தது யாருக்கு யாரை? பரவாயில்லை, கை நனைந்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷம் வாயைத் திறக்காமல் இவர்களை வேனில் ஏற்றிவிட்டால் போதும்.

"இவ்ளோ தூரம் வந்துட்டு கடல பாக்காம போறதா?" என்றார் சரோஜா. வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் முழு வாக்கியம்.

பின் வரிசையிலிருந்து கடலுக்குப் போக ஒரே சந்து. அது முன் வரிசையில், சரியாக மாயவன் வீட்டு வாசலில் போய் முடியும். சாப்ட்வேர் மூளை வேறு வழி தேடியது. "வெயிலா கீது மாமி" என்றான். "மணல் சுடும்" என்றான். "செருப்பு போட்டுகிறேன்" என்றார் சரோஜா.

எல்லோரும் போனார்கள். சந்து முடிந்த இடத்தில் தனகோடி நின்றார். எதிரே நிறம் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு சுவர். மத்தியான வெயிலில் அது சுருள் சுருளாக உரிந்து, கடல் காற்றுக்குப் படபடவென்று ஆடியது. திறந்த கதவு வழியாக வலை தெரிந்தது, மிதவைகள் தெரிந்தன, ஒரு பக்கம் இறங்கிய மரச்சட்டக் குவியல் ஒன்று தெரிந்தது.

"இது இன்னாது? கொடோனா?"

அலை ஒன்று வந்து போனது.

"ஆமா மாமா" என்றான் அரவிந்தன்.

மாயவன் மகனை ஒரு கணம் பார்த்தார். தான் கட்டிய வீடு இல்லைதான், கட்டிக் கொடுத்த வீடு. இருந்தாலும் இருபது வருஷம் படுத்து எழுந்த வீடு. அவர் புதுச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆமாங்க" என்றார். "வல போட்டு வெக்கற எடம்."

"நானு அப்பப்ப வந்து பெருக்கிட்டு போவேன்" என்றாள் சம்பூர்ணம், யாரையும் பார்க்காமல்.

ஆராயி எதையோ சொல்ல வாயெடுத்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தனகோடி ஒரு சுருளைப் பிய்த்தார். உள்ளே பச்சை தெரிந்தது. "கொடோன்னாலும் ஒரு ஒயுங்கு வாணாமா? வல வெக்கற எடத்துக்கு எதுக்கு இவ்ளோ பெயிண்டு? கண்ணாலத்துக்கு நம்ம ஜனம் வரும். அதுக்குள்ள இத சொரண்டிட்டு ஒரு சுண்ணாம்பு அடிச்சி வெச்சிருங்க."

"அடிச்சிரலாம் மாமா."

"உள்ள இன்னா, ஒடஞ்ச கட்டிலா?"

"ஆமா மாமா. ஒடைக்கத்தான் வெச்சிகீறோம்."

சரோஜா திறந்த கதவுக்கு நேராக நின்று உள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடல் பக்கம் திரும்பினார். "காத்து நல்லா வருது" என்றார்.

வேன் கிளம்பிப் போனதும் நால்வரும் சாம்பல் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஆராயிதான் முதலில் சிரித்தாள். "டேய் மாயவா, நீ கொடோன்லயாடா இத்தினி வருஷமா குடும்பம் நடத்துன?" மாயவன் உள்ளே போய், சுவரிலிருந்து ஆணிகளைப் பிடுங்கி வலையை மடித்து எடுத்துக்கொண்டார். ஒரு கண்ணிகூட கிழியாமல் எடுத்தார். எடுத்த இடமெல்லாம் பெயிண்டும் கூடவே வந்தது. சம்பூர்ணம் குழம்பை எல்லோருக்கும் ஊற்றினாள். பசியோடு இருந்த ஒரே ஆள் அரவிந்தன். அவன் சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டான். அம்மா மறுபக்கம் உட்கார மறுத்துவிட்டதால் சாய்ந்தபடியே சாப்பிட்டான்.

சாயங்காலம் தமிழ்ச்செல்வி கூப்பிட்டாள். சுவர் லேசாக ஊதாவாகியிருந்தது.

"அப்பா எல்லாருக்கும் போன் போட்டு சொல்லிகினு கீறாரு" என்றாள். "ஆவணி கன்பார்ம். உங்க அத்த மீன பத்தியே பேசறாரு. வூடுன்னா அதான் வூடுன்றாரு."

"நான் உன் கிட்ட ஒண்ணு சொல்லணும் தமிழு."

"சொல்லலாம் இரு. மொதல்ல அம்மா ஒண்ணு கேக்க சொன்னாங்க. அப்பா கிட்ட சொல்லல, என் கிட்ட மட்டும் கேட்டாங்க."

"இன்னா?"

"அந்த கொடோன்ல எதுக்கு உன் போட்டோவ மாட்டி வெச்சிகீறாங்கன்னு."

அரவிந்தன் தலையைத் திருப்பினான். எதிர்ச் சுவரில் அவன் கறுப்பு அங்கி போட்டு, தொப்பி வைத்து, சுருட்டிய பட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இருந்தான். படம் இரண்டடிக்கு மூன்றடி. கீழே அவன் பெயரும் பட்டமும் தங்க எழுத்தில் எழுதியிருந்தது.